படலையைத் திறந்து விடுங்கள், வீட்டை இடிக்காதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசித்துவிட்டுக் கருத்தைச் சொல்லுங்கள். பெற்றோர் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

2006இல் வந்த ‘ஒப்லிவியன்’ என்ற கணினி விளையாட்டை 2025 ஏப்ரலில் புதுப்பித்து வெளியிட்டார்கள். அதிலிருந்து எங்கள் உயர்தரப் பெடியள் மத்தியில் ஒரு விவாதம் ஓடுகிறது. பழைய கேமைப் புதுசாக்கி விற்பது சரியா, பிழையா? “கிராபிக்ஸ் மட்டும்தான் மாறியிருக்கு, காசு பறிக்கிற வேலை” என்று ஒரு பகுதி. “பழசை இப்ப ஆர் விளையாடப் போகினம்?” என்று மற்றப் பகுதி. இதில் ஆசிரியர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் பிள்ளைகள் எதை வாசிக்கிறார்கள், எவ்வளவு நேரம் பொறுமையாக யோசிக்கிறார்கள் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அதனால்தான் பேசுகிறோம்.

முதலில் இது என்ன வகை என்று சொல்லிவிடுகிறோம். ஆர்.பி.ஜி. என்று பெடியள் சொல்வது, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. ஒரு கதைக்குள் நீங்கள் ஒரு ஆள். ஆரோடு சேர்வது, ஆரை நம்புவது, என்ன பதில் சொல்வது எல்லாம் உங்கள் முடிவு. அந்த முடிவின் பலன் பத்து மணி நேரம் கழித்துக்கூட உங்களைத் தேடி வரும். 1999இல் வந்த ‘பிளேன்ஸ்கேப் டோர்மென்ட்’ என்ற கேமில் சுமார் 8 இலட்சம் சொற்கள் என்று கணக்குச் சொல்வார்கள். அதில் சண்டையைவிடப் பேச்சுத்தான் அதிகம். வாசிக்காமல் விளையாட முடியாது.

இன்றைக்குப் பிள்ளைகளின் போனில் இருக்கும் பல கேம்கள் வேறு சாதி. இறக்குவதற்குக் காசில்லை. உள்ளே போனபிறகு நாணயம் வாங்கு, பெட்டியைத் திற, விளம்பரம் பார் என்று ஒவ்வொரு நிமிடமும் கேட்கும். ரீலோட் காசு எங்கே போகிறது என்று தெரியாமல் முழிக்கும் பெற்றோர் பலர். இந்த இரண்டையும் ‘கேம்’ என்ற ஒரே சொல்லால் ஏசுவது, நல்ல நாவலையும் லொத்தர் சீட்டையும் ‘கடதாசி’ என்று ஒன்றாகச் சேர்ப்பது போன்றது.

சரி, பழையதைப் புதுசாக்குவது எப்படி இருக்க வேண்டும்? எங்கள் கருத்து ஒரு வரியில்: உள்ளே வரும் வழியை இலகுவாக்குங்கள், உள்ளே இருக்கும் பாரத்தை இறக்காதீர்கள்.

நல்ல உதாரணம் ஒன்று. 1981இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் அன்ட்ரூ கிரீன்பெர்க், ரொபர்ட் வூட்ஹெட் இருவரும் அப்பிள் 2 கணினிக்கு ‘விசார்ட்ரி’ என்ற கேமை உருவாக்கினார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை நிலத்தடிச் சுரங்கத்துக்குள் நடத்திப் போக வேண்டும். வழி காட்ட வரைபடம் இல்லை. கணித பாடத்துக்குப் பாவிக்கும் சதுரக்கோட்டுத் தாளில், அடி அடியாக எண்ணித் தாங்களே வரைந்துகொள்ள வேண்டும். குழு முழுதும் இறந்தால் உடல்கள் சுரங்கத்துக்குள் கிடக்கும். வேறொரு குழுவை அனுப்பித்தான் எடுத்துவர வேண்டும்.

இதை டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற நிறுவனம் மீளச் செய்து 2024இல் முழுமையாக வெளியிட்டது. பழைய நிரலை எறியவில்லை. அதன் மேலேயே புதிய காட்சிகளைக் கட்டினார்கள். விளையாடும்போதே 1981ஆம் ஆண்டுத் திரையையும் பக்கத்தில் பார்க்கலாம். வரைபடம் தானாக வரும். பழைய கடுமையான விதிகள் வேண்டுமா, தளர்த்திய விதிகள் வேண்டுமா என்று நீங்களே தெரிவு செய்யலாம். படலை அகலமாகிவிட்டது, வீடு அதே வீடு. அந்தப் புதுப் பதிப்பின் இசைக்கு 2025இல் கிராமி விருதும் கிடைத்தது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஒப்லிவியனுக்கு முன்னால் அதே வரிசையில் 2002இல் வந்தது ‘மொரோவின்ட்’. அதில் ஓரிடத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒருவர் வாயால் வழி சொல்வார், அல்லது எழுதித் தருவார். கொடிகாமம் சந்தையில் நின்று “இப்பிடியே போங்கோ, ஒரு புளியமரம் வரும், அதாலை திரும்பி மூண்டாவது ஒழுங்கை” என்று சொல்வார்களே, அதே மாதிரி. கேட்டு, நினைவில் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்துப் போக வேண்டும். ஒப்லிவியனில் திசைகாட்டியில் ஒரு குறி வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும், சொல்வதை வாசிக்கத் தேவையில்லை. பிறகு வந்த பல கேம்கள் இதையே வழக்கமாக்கின. எழுத்தைப் பெரிதாக்குவது உதவி. வாசிக்கும் தேவையையே எடுத்துவிடுவது உதவி இல்லை. பரீட்சை வினாவை வாசிக்காமல் விடை எழுதும் பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம், அதனால் இந்த வேறுபாடு எங்களுக்கு நன்றாகவே விளங்குகிறது.

இந்த விவாதம் எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தார். வட்டக்களரியில் விடிய விடிய ஆடியது, கர்ணன் போர், இராவணேசன் என்று சுருங்கிப் படச்சட்ட மேடையில் ஏறியது. கூத்தே பார்த்திராத நகரத்தவர்களும் வந்து பார்த்தார்கள். அதே மனிதர் அலங்கார ரூபன், மூவிராசர் போன்ற பழைய நாட்டுக்கூத்துகளை அச்சிலும் பதிப்பித்தார். புதியதைச் செய்தவரே பழையதையும் காப்பாற்றி வைத்தார். பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் ‘கூத்து மீளுருவாக்கம்’ என்று இன்னொரு வழியில் போனார்கள். கூத்தை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல், கிராமத்துக் கூத்தர்களோடு அவர்களின் களரியிலேயே இருந்து, எதை மாற்றலாம் என்று ஊரோடு பேசி மாற்றினார்கள். கேம் விசயத்திலும் கேள்வி இதுதான்: மூலம் பக்கத்தில் இருக்கிறதா? அதை நேசிப்பவர்களைக் கேட்டு மாற்றினார்களா?

மூலம் தொலைந்தால் என்ன ஆகும்? ‘பால்டர்ஸ் கேட்’ 1998இல் வந்த புகழ்பெற்ற கேம். கனடாவின் பீம்டொக் நிறுவனம் அதை 2012இல் திருத்திய பதிப்பாக வெளியிட்டது. பிறகு அதே குடும்பத்தின் பல கேம்களையும் புதுப்பித்தது. ‘ஐஸ்வின்ட் டேல் 2’ மட்டும் முடியவில்லை. மூல நிரல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். 2002இல் வந்த கேம், சண்டையும் இல்லை, நெருப்பும் இல்லை, கவனக்குறைவிலேயே போய்விட்டது. விசார்ட்ரி வந்த அதே 1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2005 முதல் நூலகம் இணையத்தளம் பழைய தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொன்றாகத் தேடி ஏற்றிவருவதன் அருமை எங்களைவிட வேறு ஆருக்கு விளங்கும்? எதையும் புதுசாக்க முன் மூலத்தைப் பத்திரப்படுத்து என்பதை எங்கள் ஊருக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இன்னொன்று. வெளிநாட்டில் இந்தக் கேம்களைப் புதுப்பிக்கும்போது ‘இளமைக்கால நினைவு’ என்று விற்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒரு நினைவு இல்லை. அந்தக் கேம்கள் வந்த 1990களின் பெரும்பகுதி குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. குப்பி விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தன. பால்டர்ஸ் கேட்டின் இரண்டாம் பாகம் வந்த 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே இடம்பெயர்ந்து கிடந்தது. ஒரு தலைமுறைக்கு இந்தக் கதவு திறக்கவே இல்லை. ஆகவே மீள்பதிப்பு என்பது எங்களுக்கு இரண்டாம் தரம் அல்ல, முதல் தரம். எங்கள் பிள்ளைகளுக்கு முதன்முதலில் கிடைப்பது சாறு பிழிந்த சக்கையாக இருக்கக் கூடாது.

முதல் தரமாகவே வந்தாலும் தமிழில் வரவில்லை. பால்டர்ஸ் கேட்டின் உரையாடல்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. பல நாட்டு ஆர்வலர்கள் அதைத் தங்கள் மொழிக்கு மாற்றினார்கள். திருத்திய பதிப்பிலும் தொண்டர்களின் மொழிபெயர்ப்புகள் சேர்ந்தன. அந்த வரிசையில் தமிழ் இல்லை. தமிழர் வாழ்க்கை கேமுக்குள் வராது என்று நினைக்க வேண்டாம். ரொறன்ரோவில் உருவான ‘வெண்பா’ 2023இல் வந்தது. புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையல் குறிப்புப் புத்தகம் பழுதாகிவிடுகிறது. அழிந்துபோன படிகளை யோசித்து நிரப்பிச் சமைப்பதுதான் விளையாட்டு. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதில் சிறந்த முதல் படைப்பாகத் தெரிவானது.

“சேர், ஓ.எல். பரீட்சை வருது, இப்ப கேமைப் பற்றியே கதைக்கிறது?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேரக் கட்டுப்பாடு வேண்டும். வயதுக்கு ஒவ்வாத சண்டையும் காட்சிகளும் பல கேம்களில் உண்டு, அவற்றை விலக்க வேண்டும். ஆனால் போனைப் பறித்து வைத்தால் பிள்ளை புத்தகம் எடுக்கும் என்று நம்புவது எங்கள் அனுபவத்தில் சரிவரவில்லை. கையில் இருப்பதை நல்லதாக மாற்றிக் கொடுப்பதுதான் எங்களால் முடிந்தது.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

பெற்றோருக்கு: ஏசமுன் பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் பாருங்கள். வாசிக்க வைக்கிறதா, காசு கேட்கிறதா? இந்த இரண்டு கேள்வியும் போதும்.

உயர்தர மாணவர்களுக்கு: வருகிற விடுமுறையில் கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோம், இன்ஷா அல்லாஹ். ஒரு பழைய கேம், ஒரு திரை. நீங்கள் ஆங்கில உரையாடலை வாசித்துத் தமிழில் சொல்லுங்கள். தம்பி தங்கச்சிமார் அதைக் கொப்பியில் எழுதட்டும், சதுரக்கோட்டுத் தாளில் வழியை வரையட்டும். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் ஒரே மேசையில் நடக்கும்.

வெளிநாட்டு உறவுகளுக்கு: புதுப் போன் அனுப்ப வேண்டாம். நீங்கள் ஒதுக்கி வைத்த மடிக்கணினி ஒன்று போதும். புதிய ஒப்லிவியன் 100 ஜீபிக்கு மேல் இடம் கேட்கும், பழைய கேம்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜி.ஓ.ஜி. என்ற தளம் 2008 முதல் பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓடும்படி திருத்தி, முறையாக விற்கிறது. களவுப் பிரதி எங்களுக்கு வேண்டாம்.

எந்தக் கேமில் தொடங்கலாம் என்று கீழே எழுதுங்கள். விளையாடியவர்கள் முதலில் சொல்லுங்கள், விளையாடாதவர்கள் பிறகு ஏசலாம்.