பில்லில் ஒளிந்திருக்கும் பாராலீகல்

அமெரிக்காவில் வழக்கறிஞர் நிறுவனம் அனுப்பும் பில்லில் ‘ஆவணங்களைப் பரிசீலித்தது – 0.3’ என்று ஒரு வரி இருந்தால், 18 நிமிட வேலைக்குப் பணம் கேட்கிறார்கள் என்று பொருள். ஒரு மணி நேரத்தைப் பத்துக் கூறாக்கி, ஆறு ஆறு நிமிடமாகக் கணக்கிடுவது அங்கே பரவலான வழக்கம். அந்த 18 நிமிடம் உழைத்தவர் பல நேரங்களில் வழக்கறிஞர் அல்ல, பாராலீகல். வழக்கறிஞரின் மேற்பார்வையில் ஆதாரங்களைத் திரட்டுவதும், சட்டத் தகவல் தேடுவதும், மனுக்களுக்கு வரைவு எழுதுவதும் இவர் வேலை.

இவருடைய நேரத்துக்கு விலை போடுவதில் நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறுகிறது. சிலர் மணிக்கணக்கில் தனியே வசூலிக்கிறார்கள். சிலர் அதை அலுவலகச் செலவாகக் கருதி, வழக்கறிஞர் கட்டணத்துக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்கள். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கே கட்டணம் என்பதால், பாராலீகலுக்கென்று பெரும்பாலும் தனி பில் வராது.

நேரத்தை முழுமையாக்கும் முறையிலும் பணம் கூடிக் குறையும். பாராலீகலுக்கு மணிக்கு 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடம் போனில் பேசினால், ஆறு நிமிடக் கணக்கில் 15 டாலர். கால் மணிக் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் அதே பேச்சுக்கு 37.50 டாலர்.

தனியே பில் போடுவதைத் தவறென்று சொல்ல முடியாது. கான்சாஸ் சிட்டி பள்ளிகளின் இனப்பாகுபாட்டு வழக்கில், தோற்ற தரப்பு தர வேண்டிய வழக்கறிஞர் கட்டணத்தில் பாராலீகல் வேலையையும் சந்தை விலையில் சேர்க்கலாம் என்று 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்த கட்டணத்தில் முடியும் வேலையைப் பாராலீகலிடம் ஒப்படைத்தால் மொத்தச் செலவு குறையும் என்பது அதன் நியாயம். அதே தீர்ப்பு ஒரு வரம்பும் வைத்தது: வெறும் எழுத்தர் வேலையை, யார் செய்தாலும், பாராலீகல் விலையில் பில் போடக் கூடாது.

நடைமுறையில் இந்த வரம்பைத்தான் எளிதாக மீற முடிகிறது. ‘மருத்துவ ஆவணங்களைச் சுருக்கி எழுதியது, நகல் எடுத்தது, கோப்பில் அடுக்கியது – 4.0’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், சுருக்கி எழுதியது எவ்வளவு நேரம், நகல் எடுத்தது எவ்வளவு நேரம் என்று கட்சிக்காரரால் பிரித்தறிய முடியாது. முன்னதற்கு அவர் பணம் தர வேண்டும். பின்னதற்குப் பாராலீகல் விலை தர வேண்டியதில்லை. இப்படி மொத்தமாக எழுதப்பட்ட பில்களில் நீதிபதிகள் தொகையைக் குறைத்த வழக்குகள் உண்டு. ஆனால் நீதிமன்றம் வரை போகாத பில்களே ஏராளம்.

இதில் பாராலீகலும் நசுங்குகிறார். ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பில் ஆக வேண்டும் என்று பல நிறுவனங்கள் இலக்கு வைக்கின்றன. நகல் எடுத்த நேரம் இலக்கில் சேராது. ஆனால் அந்த வேலையும் அவர் தலையில்தான் விழும். எழுத்தர் வேலைக்குச் சட்ட வேலையின் பெயரைச் சூட்டும் நெருக்கடி இங்கிருந்துதான் கிளம்புகிறது. பில் போட முடியாத அந்த நேரத்தின் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். அதைக் கட்சிக்காரரின் கணக்கிலோ ஊழியரின் இலக்கிலோ தள்ளுவது நியாயமல்ல.

பாராலீகலின் மணிக்கட்டணம், எத்தனை நிமிடம் ஓர் அலகு, எந்தெந்த வேலைக்குப் பில் வராது – இந்த மூன்றையும் வழக்கை ஏற்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். பில்லில் ஒவ்வொரு வேலைக்கும் தனி வரியும், செய்தவர் யார் என்ற விவரமும் இருக்க வேண்டும். இவற்றை எழுதித் தரத் தயங்கும் நிறுவனத்திடம் கையெழுத்துப் போடும் முன் கட்சிக்காரர் காரணம் கேட்கலாம்.