வம்ச அட்டவணையைத் தேடியோர்



சிறையிருப்பிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய ஆசாரியக் குடும்பங்களுள் சில, தங்கள் வம்சப் பதிவைக் காட்ட இயலாமையினால் ஊழியத்தை இழந்தன என்று எஸ்றாவின் புத்தகத்தில் வாசிக்கிறோம். பெயர்களின் நீண்ட வரிசையாயிருப்பதால் அவ்வதிகாரத்தை வேகமாய்க் கடந்துவிடுவதே நம் வழக்கம். ஏடு தொலைந்தால் ஒரு குடும்பம் என்னவாகும் என்பதை அறிய விரும்புவோர் அக்காடிய மக்களின் சரித்திரத்தையும் வாசிக்கவேண்டும்.

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் 17-ஆம் நூற்றாண்டில் குடியேறிய பிரெஞ்சு விவசாயிகளே அக்காடியர். கடல்நீர் ஏறும் சதுப்பு நிலங்களுக்கு அணைகட்டி, அவற்றை விளைநிலமாக்கினவர்கள். 1713-இல் யூட்ரெக்ட் உடன்படிக்கையின்படி அந்நாடு பிரிட்டனின் வசமாயிற்று. பிரான்சுக்கு எதிராக ஆயுதம் ஏந்த நேரிடுமோ என்றஞ்சி, நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய அவர்கள் மறுத்துவந்தனர். 1755 ஜூலை 28 அன்று ஹாலிஃபாக்ஸில் கூடிய ஆலோசனைச் சபை அவர்களை நாடுகடத்தத் தீர்மானித்தது.

செப்டம்பர் 5 அன்று கிரான்-பிரே கிராமத்தில், பத்து வயது முதலான ஆண்மக்கள் யாவரும் ஆலயத்திற்குள் வரவழைக்கப்பட்டனர். 418 பேர் வந்து கூடினர். உங்கள் நிலமும் கால்நடையும் அரசருக்குரியவை, நீங்கள் இந்நாட்டைவிட்டு அப்புறப்படுத்தப்படுவீர்கள் என்று படைத்தலைவர் ஜான் வின்ஸ்லோ அறிவித்தார். அவருடைய ஏட்டில் ஒரு பட்டியல் உண்டு. குடும்பத் தலைவனின் பெயர், மகன்கள் எத்தனை, மகள்கள் எத்தனை, மாடுகள் எத்தனை, பன்றிகள் எத்தனை! பிள்ளைகளுக்கும் கால்நடைகளுக்கும் ஒரேவிதமாய் எண்ணிக்கை மட்டுமே. மனைவியின் பெயருக்கு அங்கே இடமேயில்லை.

1763 வரை ஏறத்தாழ 10,000 பேர் இவ்வாறு சிதறடிக்கப்பட்டனர். கப்பல் ஏற்றிய அவசரத்தில் ஒரு குடும்பத்தாரே வெவ்வேறு துறைமுகங்களில் இறங்கினதுண்டு. சென்ற இடங்களில் பெயரும் மாறிற்று. 'லெபிளாங்' என்ற பிரெஞ்சுப் பெயருக்கு 'வெள்ளை' என்று பொருள். ஆகவே சிலர் ஆங்கிலேயரிடையே 'ஒயிட்' ஆயினர். 'புவாரியே' என்பது 'பெர்ரி' ஆயிற்று. இப்படிப்பட்ட ஒருவரின் பேரப்பிள்ளை இன்று தன் முன்னோரைத் தேடினால் எங்கே தொடங்குவது?

பின்னிருந்து முன்னோக்கியே தொடங்கவேண்டும். அறிந்த பாட்டனிடமிருந்து, அவருடைய திருமணப் பதிவின் வழியாக, மேலே ஏறவேண்டும். பிரெஞ்சு மொழிப் பதிவேடுகளில் பெண்ணுக்குத் தந்தை வீட்டுப் பெயரே கடைசிவரை நிலைத்திருந்தது. மணமக்கள் இருவருடைய பெற்றோரின் பெயர்களும் எழுதப்பட்டன. ஒரே ஊரில் பல ஜோசப் லெபிளாங்குகள் இருக்கையில், எந்த ஜோசப் என்று தீர்மானிக்க உதவுவது மனைவியின் பெயரே. குழந்தை ஞானஸ்நானத்தைக் குறித்து நமக்கு வேறு உபதேசம் உண்டு. ஆயினும் அந்தக் கத்தோலிக்க குருமார் அதை நாள்தவறாமல் எழுதிவைத்திராவிடில் இத்தேடல் முதற்படியிலேயே நின்றிருக்கும்.

இன்னொரு விநோதமும் உண்டு. இரத்த உறவினர் மணம் செய்ய விசேஷ அனுமதி வேண்டியிருந்தது. உறவு எத்தனையாம் படி என்று குருவானவர் குறித்துவைத்தார். மூன்றாம் படி என்றால், இருவருக்கும் பூட்டனும் பூட்டியும் ஒருவரே. பூட்டனின் பதிவு எரிந்துபோயிருந்தாலும், இந்தக் குறிப்புகளை ஒன்றோடொன்று பொருத்தி அவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்டீபன் ஒயிட் என்பவர் 1999-இல் வெளியிட்ட அக்காடியக் குடும்ப அகராதி இவ்விதப் பொறுமையான உழைப்பின் கனியாகும்.

மேலே ஏறிச் சென்றால் 1671-ஆம் ஆண்டின் குடிக்கணக்கை அடைவோம். போர்-ரோயாலில் தானியேல் லெபிளாங், வயது 45. மனைவி பிரான்சுவாஸ் கோதே, வயது 48. எல்லாரும் இவ்வளவு நேராய்ப் பதில் சொல்லவில்லை. பீப்பாய் செய்யும் பியேர் லானு என்பவர், தாம் சுகமாயிருப்பதாகவும், வயதைச் சொல்ல விருப்பமில்லை என்றும் கூறிவிட்டார். கணக்கெடுத்தவர் அதையும் அப்படியே எழுதிவைத்தார்!

ஆனாலும் என் மனதை அதிகமாய்த் தொட்டது பெல்-ஈல் தீவின் சம்பவமே. வர்ஜீனியா ஏற்க மறுத்த அக்காடியர் 1756-இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ஏழாண்டுகள் அங்கே அடைபட்டிருந்தனர். அம்மை நோயினால் அநேகர் மாண்டனர். சமாதானமானபின் பிரான்சுக்கு வந்த அவர்களுள் 78 குடும்பங்கள் 1765-இல் அத்தீவில் குடியேற்றப்பட்டன. அவர்களிடம் எந்தச் சான்றும் இல்லை. ஆகவே 1767-இல் குடும்பத் தலைவர்கள் ஒவ்வொருவராய் வந்து, சாட்சிகள் முன்னிலையில் சத்தியம் செய்து, தாய் தந்தையர், பாட்டன்மார், அக்காடியாவுக்கு முதலாவது வந்த முன்னோர் வரை நினைவிலிருந்தே சொன்னார்கள். எந்தச் சகோதரன் எந்தத் தேசத்தில் இருக்கிறான் என்றும் தெரிந்தவரை சொன்னார்கள். நினைவு சில இடங்களில் பிசகியதும் உண்டு. முன்னோர் மனைவியோடு பிரான்சிலிருந்து வந்தார் என்று சொன்ன சிலரின் கூற்று தவறென்றும், திருமணம் அக்காடியாவிலேயே நடந்ததென்றும் பிற்பாடு தெரியவந்தது. நூறாண்டுக்கு முந்தின காரியத்தை ஏடின்றிச் சொன்னவர்களை இதற்காகக் குறைகூற எனக்கு மனமில்லை.

1785-இல் ஏழு கப்பல்களில் ஏறத்தாழ 1,600 அக்காடியர் பிரான்சிலிருந்து லூசியானாவுக்குச் சென்றனர். அங்குள்ள அவர்கள் சந்ததியாரே 'கேஜன்' எனப்படுகின்றனர். கிரான்-பிரே ஆலயத்தின் 1707 முதல் 1748 வரையிலான பதிவேடுகளும் நாடுகடத்தப்பட்டோர் கையோடு அதே லூசியானாவுக்கு வந்துசேர்ந்தன. ஆலயமும் வீடுகளும் போயின. ஏடுகளோ பேட்டன் ரூஜ் மறைமாவட்ட ஆவணக்காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.