பீரோவுக்கு நிபுணர், பட்டாசு ஆலைக்கு ஜேசிபி

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் நாம் இரண்டு எண்களைத்தான் கேட்கிறோம். எத்தனை பேர் செத்தார்கள்? நிவாரணம் எத்தனை லட்சம்? மூன்றாவதாக ஒரு எண் இருக்கிறது: அன்று ராத்திரி எஃப்.ஐ.ஆரில் எழுதப்படும் சட்டப் பிரிவின் எண். வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான். அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 30-க்கும் மேற்பட்டோர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: சுமார் 20 பேர். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. அடுத்த நாள் பேப்பரில் பெரும்பாலும் ஒரே காரணம் வரும்: உராய்வு. உராய்வு குற்றவாளிக் கூண்டில் ஏறாது. அனுமதித்ததைவிட அதிகம் பேர் அந்த ரூமில் ஏன் இருந்தார்கள், உரிமம் ஒருவர் பெயரில் இருக்க உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டியது யார், மருந்து எவ்வளவு கிடந்தது? விசாரணை என்றால் இதுதான்.

பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு இரண்டு வழி உண்டு. 106(1), கவனக்குறைவால் மரணம்: அதிகபட்சம் 5 ஆண்டு, ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். 105, கொலையாகாத மரணம் விளைவித்தல்: கொல்லும் நோக்கம் இல்லாவிட்டாலும், சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்திருந்தால் 10 ஆண்டு வரை, ஜாமீன் நீதிமன்றத்தின் முடிவு, விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில்.

இப்போது நடைமுறைச் சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு நல்ல பிரிவு. 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றமென்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆகவேண்டும், வீடியோ எடுத்தே ஆகவேண்டும். இதை அமலாக்க மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

கணக்குப் போடுங்கள். வீட்டுக்குள் புகுந்து பீரோவில் நகையைத் திருடினால் 7 ஆண்டு வரை தண்டனை, நிபுணர் வரவேண்டும். பத்துப் பேர் கருகிக் கிடக்கும் செட்டில் 106 மட்டும் எழுதினால் 5 ஆண்டுதான். வரவேண்டிய கட்டாயம் இல்லை. அதற்குள் ஜேசிபி இடிபாடுகளை அள்ளிவிடும், மிச்ச மருந்தைப் பாதுகாப்புக்காக அழித்துவிடுவார்கள், ஒரு மழை போதும். மீட்புப் பணியைக் குறை சொல்லவில்லை. அளந்து, படமெடுத்து, மாதிரி எடுத்துவிட்டு அள்ளுங்கள் என்கிறேன்.

"105 போட்டாலும் கோர்ட்டில் நிக்காது சார்" என்பார்கள். இருக்கலாம். போபால் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே குற்றச்சாட்டைக் கவனக்குறைவு என்று குறைத்தது. 2010-ல் கிடைத்தது இரண்டு ஆண்டு, அன்றைக்கே ஜாமீன். ஆனால் பிரிவைக் குறைப்பது நீதிபதியின் வேலை, அதுவும் சாட்சியத்தைப் பார்த்தபிறகு. முதல் ராத்திரி காவல் நிலையமே குறைத்துவிட்டால் பார்க்கச் சாட்சியமே மிஞ்சாது. பிரிவைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அள்ளிக் கொட்டிய சாம்பலைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

"இப்படிப் போனால் தொழில் நசுங்கும்" என்பது அடுத்த வாதம். விதிப்படி நடத்துகிற முதலாளி தடயவியல் நிபுணருக்கு ஏன் பயப்படவேண்டும்? அவரைக் காப்பாற்றப் போவதும் அதே சாட்சியம்தான்.

செத்தவர் குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. சட்டப்படி வாரிசுகளும் பாதிக்கப்பட்டவர்களே. புகார் கொடுத்தது வி.ஏ.ஓ.வாக இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். நகலை நீங்களும் இலவசமாகக் கேளுங்கள் (பிரிவு 173). விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்கவேண்டும் (பிரிவு 193). நிவாரணக் காசோலையை வாங்கியதால் வழக்கு முடியாது. இந்த இரண்டு குற்றங்களையும் சமரசம் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை.

அரசுக்குக் கோரிக்கை ஒன்றுதான். பட்டாசு ஆலையில் உயிர் போனால், எந்தப் பிரிவாக இருந்தாலும், தடயவியல் நிபுணர் கட்டாயம் என்று ஓர் உத்தரவு போடுங்கள். அதற்கு டெல்லியைக் கேட்கவேண்டியதில்லை. செட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்ணின் உயிருக்கு, பீரோவில் இருக்கும் நகைக்குத் தரும் மரியாதையாவது கிடைக்கட்டும்.