சினிமா உருவச் சிலைகள்: இருப்பு வைக்கலாமா?

படத்தில் கணினி மூலம் காட்டிய உருவங்களை அப்படியே சிலையாக்கித் தருகிறோம், ஐம்பது பெட்டி எடுங்கள், நாளைக்கு விலை ஏறும் என்று சிலர் நம் கடைகளுக்கு வரத் தொடங்கியுள்ளனர். சரக்கு பொய்யில்லை. 2024-இல் வந்த ‘கல்கி 2898 ஏடி’ படத்தின் புஜ்ஜி வண்டியை, கற்பனை வரைபடத்திலிருந்து ஓடும் வண்டியாகவே மகிந்திராவும் கோவை ஜெயெம் நிறுவனமும் செய்து காட்டின. சிலை செய்வதா கஷ்டம்?

ஆனால் தயாரிப்பு முறை தெரிந்தால்தான் பேரம் பேச முடியும். திரைக்கான உருவம் வெறும் மேல்தோல். உள்ளே கனம் கிடையாது. ஓட்டைகளை அடைத்து, வாள் நுனிக்கும் தலைமுடிக்கும் தடிமன் கொடுத்து, கை வேறு கால் வேறாகப் பிரித்த பிறகே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஏற்றுவார்கள். பிசின் திரவம் ஒளி பட்டு அடுக்கடுக்காக இறுகும். அப்புறம் கழுவி, தேய்த்து, வர்ணம் பூச வேண்டும். ஓர் உருப்படிக்கே பல மணி நேரம். டை போட்டு வார்த்தால் அடக்கம் குறையும். டைக்கே லட்சக்கணக்கில் செலவாவதால் ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். ஐம்பது பெட்டி என்று வற்புறுத்துபவர் அந்தப் பாரத்தை நம் தலையில் இறக்குகிறார். அச்சிட்டுத் தருபவருக்கோ ஐந்து உருப்படி ஆர்டரும் சரிதான்.

விலை ஏறும் என்பதையும் நம்ப வேண்டாம். நமது பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு, நவராத்திரியில் அரிசியோடு வழங்கிய செப்புக் காசு. இன்று அதைத் தேடி வாங்குகிறார்கள் என்றால், இனி அடிக்கப் போவதில்லை என்பதால்தான். கணினிக் கோப்பை நாளையே மறுபடி அச்சிடலாமே!

1977-இல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைக் கிறிஸ்துமஸுக்குள் செய்து முடிக்க முடியாத அமெரிக்கக் கென்னர் கம்பெனி, உறையில் சீட்டு வைத்து விற்றது. பொம்மைகள் 1978-இல்தான் தபாலில் போயின. முதலில் பணம், பிறகு சரக்கு. நாமும் முன்பணம் வாங்கி ஆர்டர் எடுப்பதே உத்தமம்.

மற்றொன்று சட்டம். பதிப்புரிமை மீறிய பொருளைச் செய்தவர் மட்டுமல்ல, விற்ற கடைக்காரரும் பதில் சொல்ல வேண்டும். தயாரிப்பாளரின் உரிமக் கடித நகலைக் கேட்டு வாங்குங்கள். 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைக்கு 1-1-2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ‘சேகரிப்போருக்கு மட்டும்’ என்று டப்பாவில் அச்சடித்துவிட்டு மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், சோதனைக்கு வரும் அதிகாரி ஒப்புக்கொள்வாரா?