விளையாட்டரங்கம்: நெட்டையர் இல்லாத குழு

கூடைப்பந்தில் வளையத்தின் அருகே நின்று ஆடும் நடு ஆட்டக்காரர் நெடிதுயர்ந்தவராக இருத்தல் மரபு. அத்தகைய ஒருவர் அமையாத குழு என் செய்யும்? அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழக மாணவர்கள் 1964-இல் இதற்கு விடை கூறினர்.

அக்குழுவின் முதல் ஐவரில் எவரும் 6 அடி 5 அங்குலத்திற்கு மேற்பட்டவரல்லர். ஆகவே, துணைப் பயிற்சியாளர் ஜெரி நார்மன் வற்புறுத்தியபடி, பயிற்சியாளர் ஜான் வுடன் போராட்டத்தை ஆடுகளம் முழுவதற்கும் பரப்பினார். தாம் பந்தைக் கூடையில் இட்டவுடன், எதிரிகள் பந்தை உள்ளே எறியும் இடத்திலேயே முன்னால் இருவர், இடையில் இருவர், பின்னால் ஒருவர் என அரண் வகுத்தனர். நடு ஆட்டக்காரரான பிரெட் ஸ்லாட்டரே முன்வரிசையில் நின்றார்! 10 வினாடிக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டிய எதிரிகள் பதறினர், பந்து கைமாறிற்று. எதிரணி நெட்டையரின் உயரம் பயனற்றுப் போயிற்று.

இம்முறையில் இடரும் உண்டு. அரணைக் கடந்துவிட்டால் எதிரிகளுக்கு எளிதில் புள்ளி கிட்டும். சளைக்காது ஓடும் கால்களும் வேண்டும்.

கான்சஸ் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் எதிர்த்த டியூக் குழுவில் 6 அடி 10 அங்குல வீரர் இருவர் இருந்தனர். முதற்பாதியில் 27-30 எனப் பின்தங்கியிருந்த கலிபோர்னியர் தொடர்ந்து 16 புள்ளிகள் குவித்தனர். முடிவில் 98-83 என வென்றனர். அப்பருவத்தின் 30 ஆட்டங்களிலும் அவர்களுக்குத் தோல்வியே இல்லை.

உயரம் போதாதென்று பள்ளிக் குழுவில் ஒதுக்கப்பட்ட பிள்ளை நம் இல்லங்களில் இருப்பின், இதனைப் படித்துக் காட்டுங்கள். நாளைக் காலையே ஓடிப் பழகட்டும்.