படங்களுக்கு இலவச இடம்: எத்தனை நாளைக்கு?

போனில் மட்டும் இருக்கும் படம், போன் தொலையும் அன்று தானும் தொலையும். மும்பை மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, இன்டர்நெட் வழியாகக் கம்பெனிகளிடம் படங்களைச் சேமித்து வைக்கும் 'கிளவுட்' வசதியைத் தமிழர்கள் பலரும் நாடுகிறார்கள். எந்தக் கம்பெனி எத்தனை ஜி.பி. இலவசமாகத் தருகிறது என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். அது எத்தனை நாள் நீடிக்கும் என்று கேட்பவர் குறைவு.

நடந்ததைப் பார்க்கலாம். பிளிக்கர் 2013ல் ஆயிரம் ஜி.பி. இலவசம் என்றது. 2018ல் கம்பெனி கைமாறியது. 2019ல் இலவசம் ஆயிரம் படங்களோடு சரி என்றாகிவிட்டது. 2015ல் வந்த கூகுள் போட்டோஸ், தரம் சற்றுக் குறைத்த படங்களுக்கு அளவே கிடையாது என்றது. 2021 ஜூன் 1ந் தேதியோடு அதுவும் நின்று, புதிய படங்களெல்லாம் 15 ஜி.பி. கணக்கில் சேர்ந்தன.

அந்த 15 ஜி.பி.யில்தான் வில்லங்கமே இருக்கிறது. அது படங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஜிமெயிலும் அதற்குள்தான். ஆண்ட்ராய்டு போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 வாக்கில் அதற்குள் வந்துவிட்டது. குடும்பக் குரூப்பில் குவியும் 'காலை வணக்கம்' படங்களும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன! இடம் நிறைந்தால் புதுப் படம் ஏறாது என்பதோடு போவதில்லை. ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நின்றுவிடும். வேலைக்கு மனுப் போட்டுவிட்டு இன்டர்வியூ கடிதத்துக்குக் காத்திருப்பவருக்கு இது சாதாரண நஷ்டமா?

இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத கணக்குகளை நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. போன் விற்ற கடைக்காரரே கணக்கையும் தொடங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ஊர் மாறியதில் போன் நம்பரும் மாறியிருக்கும். காலமான தாயாரின் ஒரே படம் அந்தக் கணக்கில் இருந்தால் அதை மீட்பது சுலபமல்ல.

ஆப்பிள் கம்பெனியின் இலவசம் 5 ஜி.பி.தான். ஜியோ 2024 ஆகஸ்டில் 100 ஜி.பி. வரை என்று அறிவித்தது. கவர்ச்சியான எண்தான். ஆனால் ரீசார்ஜை நிறுத்தினாலோ, வேறு கம்பெனி சிம்முக்கு மாறினாலோ படங்கள் என்னவாகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இத்தகைய சலுகைகளில் இறங்கக் கூடாது. மாதக் கட்டணம் செலுத்தி வாங்கும் இடத்துக்கும் இதே கேள்வி உண்டு.

இன்னொன்று. போனில் இடம் வேண்டி கூகுள் போட்டோஸில் படத்தை அழித்தால், கிளவுடில் உள்ள பிரதியும் சேர்ந்தே போகும். 60 நாட்களுக்குள் குப்பைப் பகுதியிலிருந்து மீட்கலாம், பிறகு முடியாது.

தற்போதைக்குப் படங்களுக்கு ஒரு கணக்கு, கடிதங்களுக்கு வேறொரு கணக்கு என்று பிரித்துக்கொள்வதே உத்தமம். கல்யாணப் படம், பெற்றோர் படம் போன்றவற்றை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டு வரலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தாயிற்று என்று இருந்துவிட வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாகுமென்டாக அனுப்பினால்தான் அசல் அப்படியே போய்ச் சேரும்.