கையில் கருவி, கண்ணில் மலை

நுழையும்முன்

வார இறுதியில் மலைக்கோ காட்டுக்கோ செல்வோர் திறன்பேசியையும் பிற கருவிகளையும் வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்பர் சிலர். அவையின்றி வாசற்படியைத் தாண்டுவதே ஆபத்து என்பர் வேறு சிலர். புனே நகரில் வாழும் தமிழ்ப் பொறியாளர் ஒருவர், தம் மகளுடன் சென்ற மலைப்பயணம் ஒன்றைக் கொண்டு இவ்விரு கருத்துகளையும் ஆராய்கிறார். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் படித்தபின் முடிவு செய்யுங்கள்.

*

எங்கள் வீட்டுப் பால்கனியில், துணி உலர்த்தும் கொடிக்கு அடியில் ஒரு பழைய மேசை கிடக்கிறது. சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், திருப்புளிகள், ஓடாத கடிகாரங்கள், பாதி பிரிக்கப்பட்ட வானொலிப் பெட்டி ஆகியன அதன்மேல் எப்போதும் பரந்திருக்கும். இரவு உணவுக்குப்பின் ஒருமணி நேரம் அம்மேசையில் அமர்வது என் வழக்கம். கருவி ஒன்றைத் திறந்து, அதனுள் எது எதனோடு இணைந்து இயங்குகிறது எனக் கண்டறிவதில் எனக்குச் சிறுவயது முதலே பெருவிருப்பம். திருநெல்வேலியில் பள்ளி மாணவனாக இருந்தபோது வீட்டு வானொலியைப் பிரித்துவிட்டு, மீண்டும் பொருத்தத் தெரியாமல் தந்தையிடம் திட்டு வாங்கியவன் நான். வேலையின் பொருட்டுப் புனேயில் குடியேறிப் பதினைந்து ஆண்டுகள் ஆனபின்னும் அவ்விருப்பம் குறையவில்லை.

சென்னைக்கு ரிச்சி தெரு எவ்வாறோ, அவ்வாறே புனேயின் புத்வார் பேட் பகுதிக்குத் தாப்கீர் கல்லி. கம்பிகள், விளக்குகள், சிறு மோட்டார்கள், மின்கலங்கள் என மின்பொருள்கள் அனைத்தும் அக்குறுகிய சந்தில் கிடைக்கும். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் என்னுடன் வருவாள். அங்கு வாங்கிய உணரிகளைக் கொண்டு, வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் மணிக்கொருமுறை பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை இருவரும் சேர்ந்து உருவாக்கினோம். புதிதாக எப்பொருள் வாங்கினாலும் அதை அளந்து பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். பவர் பேங்க் ஒன்றின்மீது 10,000 மில்லி ஆம்பியர் மணி என எழுதியிருந்தால், அது உள்ளிருக்கும் மின்கலத்தின் 3.7 வோல்ட் அளவில் கூறப்படும் கணக்கு. திறன்பேசிக்கு 5 வோல்ட்டாக மாற்றித் தரும்போது அது 7,400 ஆகச் சுருங்கும். மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் கழித்தால் இன்னும் குறையும். இதனை என் மகள் தானே கணக்கிட்டுக் கூறியபோது நான் பெரிதும் மகிழ்ந்தேன். எங்களுக்குக் கருவிகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எண்ணிக்கொண்டோம்.

அவ்வெண்ணம் தவறு என்பதை ஒரு மலை உணர்த்தியது.

புனேயைச் சுற்றியுள்ள சஹ்யாத்ரி மலைகள் கோட்டைகளால் நிறைந்தவை. மழைக்காலம் தொடங்கியதும் நகரத்தார் பலர் வார இறுதியில் அவற்றின்மீது ஏறுவர். ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் மகளும் ராஜ்கட் கோட்டைக்குச் சென்றோம். அது ராய்கட்டுக்கு முன்பு ஏறத்தாழ 26 ஆண்டுகள் சிவாஜியின் தலைநகராக விளங்கியது. புறப்படும்போது என் மனைவி எங்கள் பையைத் தூக்கிப் பார்த்தாள். "மலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எதற்கு இத்தனை கம்பியும் பெட்டியும்?" என்றாள். இரண்டு திறன்பேசிகள், ஒரு காமிரா, பவர் பேங்க், தலையில் அணியும் விளக்கு ஆகியவை அதில் இருந்தன. "எல்லாம் பாதுகாப்புக்குத்தான்" என்று நான் விடையளித்தேன்.

ஏறும்போது இடர் ஏதும் இல்லை. குஞ்சவணே ஊரிலிருந்து மலையேறி, பத்மாவதி மாச்சி எனப்படும் மேட்டுச் சமவெளியை அடைந்தோம். அங்குச் சூடான பிட்லாவும் பாக்ரியும் உண்டோம். பிற்பகலில் பாலி ஊருக்குச் செல்லும் வழியே இறங்கத் தொடங்கினோம். படிகளைக் கடந்து கீழே வந்தபோது மூடுபனி சூழ்ந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் புலப்படவில்லை. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, என் திறன்பேசியை எடுத்தேன்.

திரையில் நீலப்புள்ளி ஒன்று இருந்தது. அதனைச் சுற்றி எதுவுமே இல்லை. மலையும் இல்லை, ஊரும் இல்லை, பாதையும் இல்லை. வெண்மையான வெற்றுத்திரையின் நடுவே நாங்கள் இருவரும் ஒரு புள்ளியாய் நின்றோம். சற்று நேரத்தில் மின்கலம் தீர்ந்து அத்திரையும் அணைந்தது. மற்றொரு திறன்பேசி நாள்முழுதும் படமெடுத்ததில் முன்பே அணைந்திருந்தது. பவர் பேங்கை இணைத்தபோது, துளையில் ஈரம் இருப்பதாக எச்சரித்துவிட்டு அது மின்னேற்றம் பெற மறுத்தது. மழை வலுத்தது. "அப்பா, உங்களுக்கு வழி தெரியுமா?" என மகள் கேட்டாள். தெரியும் என்று பொய் கூற என்னால் இயலவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையை இம்மலைக்கு அழைத்து வந்தது நான்தானே என்னும் நினைவு நெஞ்சை அழுத்தியது.

அப்போது மாட்டின் கழுத்துமணி ஓசை கேட்டது. மகள் அத்திசை நோக்கி, "ஆஜி! ஆஜி!" என உரக்க அழைத்தாள். மராத்தியில் அது பாட்டி என்று பொருள்படும். அங்கிருப்பவர் ஒரு மூதாட்டி என்பது அவளுக்கு எவ்வாறு தெரிந்தது என்று பின்னர் கேட்டேன். "மாட்டை அதட்டிய குரலைக் கேட்டேன்" என்றாள். எனக்கு அக்குரல் கேட்கவேயில்லை. என் கவனம் முழுவதும் அணைந்த திரையிலேயே இருந்தது. மூதாட்டி தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பனியிலிருந்து வெளிப்பட்டார். என் மகள் சரளமான மராத்தியில் வழி கேட்டாள். அவர் தரையைச் சுட்டிக்காட்டி ஏதோ கூறிச் சிரித்தார். "மாட்டுச் சாணம் கிடக்கும் வழியே போ, மாடு மாலையில் ஊருக்குத்தான் போகும்" என்று கூறியதாக மகள் எனக்கு மொழிபெயர்த்தாள். அவர் பின்னாலேயே நடந்து, இருள் கவியும்முன் பாலி ஊரை அடைந்தோம்.

இந்நிகழ்ச்சியை நண்பர்களிடம் கூறியபோது பலரும் ஒரே முடிவுக்கு வந்தனர். "கருவிகளை நம்பினால் இப்படித்தான். அவற்றை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்" என்றனர். அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. சிங்ககட் கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று பார்த்தால், பள்ளத்தாக்கை நோக்கி நிற்பவரைவிட அதற்கு முதுகுகாட்டித் தம்மையே படமெடுத்துக்கொள்வோரே மிகுதி எனத் தோன்றும். நானும் அன்று காமிராவின் வழியாகவே மலையைப் பார்த்தேன். ஆயினும், அம்முடிவை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. காரணத்தைக் கூறுகிறேன்.

அன்றிரவு வீடு திரும்பியதும் என் மேசையில் அமர்ந்து, எங்கே பிழை நேர்ந்தது என எண்ணிப் பார்த்தேன். இடமறியும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுள் நான்கின் அலைகளையேனும் பெற்றால், திறன்பேசி தன் இருப்பிடத்தைக் கணித்துவிடும். அதற்குக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை. மூடுபனியும் அவ்வலைகளைத் தடுப்பதில்லை. ஆகவேதான் நீலப்புள்ளி தோன்றியது. ஆனால், அப்புள்ளிக்குக் கீழே விரியவேண்டிய வரைபடம் இணையத்தின் வழியே வருவது. அதனை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்திருந்தால் அன்று வழி தெரிந்திருக்கும். அவ்வாறே, தொடர்பு கிடைக்காத இடத்தில் திறன்பேசி கோபுரத்தை இடைவிடாமல் தேடும். அத்தேடலே மின்கலத்தை விரைவில் தீர்க்கும். விமானப் பயன்முறையில் வைத்திருந்தால் தேடல் நின்றிருக்கும்; என் திறன்பேசியில் இடமறியும் வசதியும் தொடர்ந்து இயங்கியிருக்கும்.

எனவே, கருவி எங்களைக் கைவிடவில்லை. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை அது கடைசிவரை சரியாகவே காட்டியது. அதனிடம் எதைப் பெறலாம், எதைப் பெற இயலாது என்பதை அறியாமல் எடுத்துச் சென்றவன் நான். பவர் பேங்கின் கணக்கைத் துல்லியமாக அறிந்த நான், ஒவ்வொரு நாளும் கையில் ஏந்தும் திறன்பேசியை அறிந்திருக்கவில்லை. கருவியை வாங்கும் ஆர்வம் வேறு, அதனை அறியும் ஆர்வம் வேறு. முதல் ஆர்வம் பையின் எடையைக் கூட்டும். இரண்டாவது ஆர்வம் அதனைக் குறைக்கும்.

கருவியை அறிந்தோர் பிறர்க்கு எவ்வாறு பயன்படுவர் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியது. அப்போது தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர் வானொலி ஆர்வலர் குழு ஒன்று போர்ட் பிளேயரில் இருந்தது. அவர்கள் மீட்புப்பணிக்காக அங்குச் சென்றவர்கள் அல்லர். உலகின் பல பகுதிகளில் உள்ள ஆர்வலர்களுடன் வானொலி வழியே உரையாடுவதற்காகச் சென்றவர்கள். வழக்கமான தொலைத்தொடர்பு சீர்குலைந்தபோது, அவர்களுடைய வானொலிக் கருவிகள் தீவுகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்திகளைச் சுமந்தன. உறவினரின் நிலை அறியாமல் தவித்தோர்க்கு அச்செய்திகள் எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! பொழுதுபோக்காகக் கற்றது துயர்நாளில் தொண்டாயிற்று. நம் நாட்டில் இத்தகைய வானொலியை இயக்க அரசு நடத்தும் தேர்வில் வென்று உரிமம் பெறவேண்டும். 12 வயது நிரம்பிய மாணவரும் அத்தேர்வை எழுதலாம்.

ஆகவே, என் கருத்து இதுதான். மலைக்குச் செல்லும்போது கருவியை வீட்டில் விட்டுச்செல்ல வேண்டியதில்லை. ஆனால், முழுமையாக அறியாத கருவியை நம்பி ஓரடியும் எடுத்துவைக்கக் கூடாது. நான்கு கருவிகளை அரைகுறையாக அறிவதைவிட, ஒன்றை நன்கு அறிவது மேல். வரைபடத்தைப் பதிவிறக்கி, வீட்டின் அருகிலேயே ஒருமுறை இணையமின்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் கூறிச்செல்ல வேண்டும். மலையை அடைந்தபின் கருவியைப் பையில் வைத்துவிட்டு, கண்ணையும் காதையும் திறந்துவைக்க வேண்டும். ஏனெனில், அங்கு வாழும் மக்கள் அறிந்ததை எக்கருவியும் அறியாது. அவர்களிடம் கேட்பதற்கு அவர்களுடைய மொழி வேண்டும். அன்று எங்கள் பையிலிருந்த பொருள் எதுவும் உதவவில்லை. என் மகள் வகுப்பிலும் விளையாட்டுத்திடலிலும் கற்ற மராத்தியே உதவியது. வீட்டில் தமிழும் வெளியே மராத்தியும் பேசி வளரும் பிள்ளைகளின் திறனை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அதுவும் கையாளக் கையாளக் கூர்மையடையும் ஒரு கருவிதான்.

டிசம்பர் மாதத்தில் மீண்டும் ராஜ்கட் சென்றோம். இம்முறை பையில் ஒரே ஒரு திறன்பேசியும், ஒரு காந்த ஊசிப்பெட்டியும், சால்டரிங் அயர்னும் இருந்தன. மனைவி அதைக் கண்டு புருவம் உயர்த்தினாள். முதல்முறை பாலி ஊரில் ஆஜியின் வீட்டில் தேநீர் அருந்தியபோது, மூலையில் மின்னேற்றும் கைவிளக்கு ஒன்று எரியாமல் கிடந்ததை மகள் கவனித்திருந்தாள். மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும் என்றும், இருளில்தான் மாட்டுத்தொழுவத்துக்குச் செல்வதாகவும் அவர் கூறியிருந்தார். அவ்விளக்கின் பழைய மின்கலத்தை அகற்றி, தாப்கீர் கல்லியில் வாங்கிய புதிய மின்கலத்தை என் மகள் தன் கையாலேயே பொருத்தினாள். விளக்கு எரிந்தது. ஆஜி அதை மாட்டின் முகத்துக்கு நேரே காட்டிச் சிரித்தார்.

இறங்கும் வழியில் பாதை பிரியும் அதே இடம் வந்தது. மகள் திறன்பேசியை எடுத்தாள். வரைபடத்தின்மீது நீலப்புள்ளி தெளிவாக நின்றது. ஒருமுறை பார்த்துவிட்டு அதனைப் பைக்குள் வைத்தாள். பின்னர், தரையைப் பார்த்தபடியே இடப்பக்கப் பாதையில் முன்னே நடந்தாள்.

*

கற்பவை கற்றபின்

1. வெற்றுத்திரையில் நீலப்புள்ளி மட்டும் தோன்றியதற்குக் காரணம் யாது?

2. "கருவியை வாங்கும் ஆர்வம் வேறு, அதனை அறியும் ஆர்வம் வேறு." இக்கூற்றை உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொருளைக் கொண்டு விளக்குக.

3. மலைப்பயணத்தில் கருவிகளை அறவே தவிர்க்க வேண்டும் என்னும் கருத்தின் சார்பாக நின்று, ஆசிரியருக்கு மறுப்பாகப் பத்து வரிகள் எழுதுக.

4. நீங்கள் வாழும் ஊரின் மொழி உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உதவிய நிகழ்ச்சி ஒன்றை வகுப்பில் தமிழில் கூறுக.